நாற்பத்தொன்றாம் பாட்டின் மெட்டு

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் நான் முதலில் பார்த்தது மகளின் முகத்தை அல்ல, கால்களை. போன ஆண்டு பாளையங்கோட்டையில் ஒரு மணல் லாரி அவள் வண்டியை இடித்துத் தள்ளியதிலிருந்து எனக்கு இதுதான் வழக்கம். இடது கால் கொஞ்சம் இழுத்தது. அதை மறந்துவிட்டவள்போல எஸ்தர் வேகமாக நடந்து வந்தாள். கையில் ஒரு தலைக்கவசம்.

"இது என்ன?" என்றேன்.

"வீட்டுக்கார அன்ரியோட ஸ்கூட்டர்ம்மா. அவசரத்துக்குக் குடுத்தாங்க."

லாரி இடித்துப் பிழைத்தவளுக்கு மறுபடியும் வண்டியா? அவள் இசை ஆராய்ச்சி மாணவி. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ சபைகளில் பழைய தமிழ்ப் பாட்டுகளைத் தேடிப் பதிவு செய்ய வந்தவள். இரண்டு மாதம் என்று புறப்பட்டு, இப்போது ஆண்டு முடியும்வரை இருக்கப்போவதாகச் சொல்கிறாள். அவளை அழைத்துப் போகத்தான் நான் வந்திருந்தேன். திங்கட்கிழமை விமானத்தில் எங்கள் இருவருக்கும் இடம் இருந்தது. "அவளோடதான் திரும்புவேன்" என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். பெண்கள் பள்ளியில் இருபத்தைந்து வருடமாக வேதியியல் நடத்துகிறவள் நான். இதுவரை நாட்டைவிட்டு வெளியே கால் வைத்ததில்லை.

ஸ்கூட்டரில் ஏற மறுத்ததால் என்னை ஓட்டோவில் ஏற்றிவிட்டு அவள் முன்னால் போனாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்த இடம் அம்மா?" என்று கேட்டார். என் ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, "திருநெல்வேலி" என்றேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அடுத்த சந்தியில் ஸ்கூட்டர் வலப்பக்கம் திரும்பியது. ஓட்டோ நேராகப் போனது. நான் கத்தினேன். அவர் அமைதியாக, "திருநெல்வேலிக்கு இதுதானே அம்மா பாதை" என்றார்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. கொழும்புப் பக்கம் கல்கிசையில் மாமா வீட்டுக்குப் போய் வந்தவர்கள், கொழும்பில் படித்தவர்கள் என்று எத்தனையோ பேர் எங்கள் தெருவில் உண்டு. ஒருவர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லை. அந்தத் திருநெல்வேலியின் சந்தை வாசலில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இறக்கிவிடப்பட்டு, ஓட்டோக்காரரின் கைபேசியில் மகளின் குரலைக் கேட்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அவர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். "ஊரிலையிருந்து வந்து ஊரிலையே இறங்கியிட்டியள் அம்மா. விசா ஏன் எடுத்தனீங்கள்?"

வட்டுக்கோட்டையில் எஸ்தர் தங்கியிருந்த வீட்டின் ஈஸ்வரி அன்ரி சைவக் குடும்பம். கணவர் புகையிலைத் தோட்டம் பார்க்கிறார். போய் உட்கார்ந்த உடனே சிவப்பரிசிப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்தன. கூடவே நீர்வேலியிலிருந்து தம்பி அனுப்பிய வாழைப்பழம் ஒரு சீப்பு. எங்கள் ஊரில் குழம்பில் புளி முன்னால் நிற்கும். இங்கே தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் சமாதானப்படுத்திவிடுகிறது. "சாப்பிடுங்கோ, பயந்த முகத்தோடை சாப்பிட்டால் செமிக்காது" என்றார் அன்ரி. பிறகு என் மகளைக் காட்டி, "உவவுக்குப் பாட்டுத்தான் சாப்பாடு. உங்கடை கோயிலிலை பாட்டு முடிஞ்சு போச்சுதே, இஞ்சை தேடுறதுக்கு?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். நான் பால்கறியை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. எஸ்தர் என்னைச் சபைக்கு அழைத்துப் போனாள். பனைகளுக்கு நடுவே ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். சுவர் இரண்டு முழத்துக்கு மேல் தடிப்பு. காரை உதிர்ந்த இடத்தில் கடற்பாறைக் கல் தெரிந்தது, கல்லுக்குள் சிப்பிகள். ஒரு காலத்துக் கடலையே அடுக்கிக் கட்டியதுபோல இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்தது. அந்தச் சுவருக்கு முன்னால், பாட்டின் வரிகளைக் காட்டப் புதிதாக ஒரு வெள்ளைத் திரை தொங்கியது.

அந்தத் திரையில் ஓடுபவை எங்கள் ஊரில் பாடப்படுகிற புதுப் பாட்டுகள் என்று போதகர் சொன்னார். முப்பது வயதுக்காரர். "உங்கடை நாட்டிலையிருந்து எங்களுக்குப் பாட்டு இறக்குமதி. இப்ப உங்கடை மகள் வந்து எங்கடை பாட்டை எங்களிட்டைக் கேக்கிறா. நாங்கள் முழிக்கிறம்" என்று சிரித்தார். வருகிற ஞாயிறு திரையைச் சுருட்டிவிட்டுப் பழைய பாட்டுகளையே பாடுவது என்று முடிவாகியிருந்தது. ஆறு பாட்டுக்கு மெட்டு கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் இல்லை.

எஸ்தர் அலுமாரியைத் திறந்து, பூச்சி அரித்த புத்தகம் ஒன்றை எடுத்தாள். சபையாரே இயற்றி அச்சிட்டது. பாட்டுகளுக்கு ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒவ்வொன்றின் தலையிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு குறிப்பு மட்டும். நாற்பத்தொன்றாம் பாட்டைக் காட்டினாள். "மெட்டு: 87" என்று இருந்தது. எண்பத்தேழைத் திருப்பினாள். "மெட்டு: 41."

"அச்சுக்கூடத்துப் பிழை" என்றார் போதகர். "இதுவும் அதுவும் ஆளையாள் கை காட்டுதுகள். ஆரைக் கேக்கிறது?"

கேட்பதற்கு ஆள் இருந்தது. அதுதான் தொல்லை. எண்பத்தேழாம் பாட்டு அந்த ஊரில் நான்கு பெண்களுக்குத் தெரியும். ஆனால் அது செத்தவீட்டுப் பாட்டு. பெட்டி வீட்டைவிட்டு வெளியேறும் நேரத்தில் படலையடியில் நின்று அவர்கள் பாடுவார்கள். படலை என்றால் இங்கே வீட்டு வேலியின் வாசற்கதவு. மற்ற எந்த நேரத்திலும், எந்த இடத்திலும் அந்த மெட்டை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். பாடினால் அந்த வீட்டுக்கு அடுத்த அழைப்பு வரும் என்று நம்பிக்கை.

"அப்போ நீ ஏழு வாரமா எதுக்குக் காத்திருக்க?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "சாவுக்குத்தான்னு வச்சுக்கோங்க."

சொல்கிற பேச்சா இது? பதினான்கு மாதங்களுக்கு முன் பிழைத்து வந்த பிள்ளை.

பாடுகிற நால்வருக்கும் தலைவி றூபி அக்கா. சந்தியில் கதிரை வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். எங்கள் நாற்காலி இங்கே கதிரை. நாங்கள் போனபோது ஐம்பது பிளாஸ்டிக் கதிரைகளைத் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கணீரென்ற குரல்.

"பிள்ளை, திரும்பவும் வந்திட்டியே?" என்றார் எஸ்தரைப் பார்த்து. "நான் பாடமாட்டன் எண்டு எத்தினைதரம் சொல்லுறது?"

"அக்கா, இதே கதிரைதானே கலியாண வீட்டுக்கும் போகுது, செத்தவீட்டுக்கும் போகுது?" என்றாள் எஸ்தர். "மெட்டு மட்டும் போகக்கூடாதா?"

"கதிரையைக் கழுவலாம்" என்றார் றூபி அக்கா. "மெட்டை எதாலை கழுவுறது?"

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. அவர் மறுத்ததற்காகவே பிடித்தது. இந்த ஒரு பாட்டு கிடைக்காவிட்டால் மகளுக்கு இங்கே வேலை முடிந்ததுபோலத்தான் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஈஸ்வரி அன்ரி எங்களைக் கீரிமலைக்குக் கூட்டிப் போனார். தனியார் பேருந்தில் ஒற்றைக் காலில் நின்று போனோம். நடத்துநர், "உள்ளை போங்கோ, உள்ளை போங்கோ, உள்ளுக்கை கலியாண மண்டபம் மாதிரிக் கிடக்கு" என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தார். கேணியைப் பார்த்ததும் எல்லாம் மறந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர் ஊற்று, அந்தப் பக்கம் கடல். அலை சுவரில் மோதித் தெறிக்கிறது. பெண்கள் பக்கம் இறங்கி ஒரு வாய் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் என்று வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தப் படத்துக்குள்ளேயே கழுத்தளவு நிற்பேன் என்று நினைத்ததில்லை. பக்கத்தில் யாரோ குடும்பத்துப் பெண்கள் இறந்தவருக்குக் கடன் கழித்துவிட்டு முழுகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தாய் தன் கைக்குழந்தையை முக்கி எடுத்துச் சிரித்தாள். யாரும் யாரையும் விலகச் சொல்லவில்லை.

தலை துவட்டும்போது எஸ்தரின் கைபேசி அடித்தது. போதகர். ஊரில் தொண்ணூறு தாண்டிய பெரியவர் ஒருவர் தூக்கத்தில் போய்விட்டார். நாளை அடக்கம்.

மகள் என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படக்கூடாது என்று அவள் முகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை செத்தவீட்டில் தகரப் பந்தலின் கீழ் றூபி அக்காவின் கதிரைகள் வரிசையாக இருந்தன. உட்கார்ந்ததும் ஒரு பெண் பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தாள். கடித்தால் எங்கள் கருப்பட்டியேதான், கொஞ்சம் மென்மை. பதிவுக் கருவிகள் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எஸ்தர் வெறுங்கையோடு என் பக்கத்தில் நின்றாள்.

பெட்டி எழுந்தது. நான்கு பெண்களும் எழுந்து படலையின் இரு பக்கமும் நின்றார்கள். றூபி அக்கா கண்ணை மூடினார்.

"நின்றழ வேண்டாம் படலையில் வந்து – நான்
நேசர்கை பற்றினேன் அச்சம் துறந்து..."

எனக்கு இசை தெரியாது. என் மகள் பிறகு என்னவோ ராகத்தின் பெயர் சொன்னாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த மெட்டு அழவில்லை. ஒவ்வொரு அடியும் படியில் ஏறுவதுபோல மேலே போய், கடைசியில் இறங்காமல் அங்கேயே நின்றது. யாரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல. நாய்கூடக் குரைக்கவில்லை. தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். இருநூறு பேர் பாடும் கூட்டங்களில் பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நான்கு குரலில் இப்படி ஒரு பெரியதைக் கேட்டதில்லை.

பாட்டு முடிந்ததும் மூன்று பெண்கள் கால் கழுவிக்கொண்டு, யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் போனார்கள். செத்தவீட்டில் "வாறம்" என்று விடைபெறுவதில்லை. றூபி அக்கா மட்டும் போகவில்லை. கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு வந்து நின்றார்.

"உங்களுக்குச் சொந்தமே செத்தவர்?"

"இல்லை."

"பிறகேன் இப்பிடி அழுகிறியள்?"

யாருக்கும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "இவ அடிபட்டுக் கெடந்தப்போ, தயாரா இருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வராண்டாவுல நின்னேன். ஒரு பாட்டு பாடணும்போல இருந்துச்சு. ஒரு வரி வரல. எங்க கோயில்ல எல்லாம் திரையில ஓடும். அங்க திரை இல்ல."

"ஒரு வரிகூடவோ?"

"ஒரு வரிகூட இல்ல."

பாட்டுப் புத்தகங்களைக் கட்டி மாடியறையில் வைக்கலாம் என்று எங்கள் சபைக் கமிட்டியில் முடிவானபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அதையும் சொன்னேன். றூபி அக்கா என்னைத் தேற்றவில்லை. "எங்களிட்டைப் புத்தகமும் இல்லை, திரையும் இல்லை. வாயிலை மட்டும் கிடந்தது. அதாலை தப்பிச்சுது" என்றார். பிறகு, "எழும்புங்கோ, கதிரை வேணும்" என்றார்.

திரும்பும்போது ஓட்டோவில் எஸ்தர் புத்தகத்தை மடியில் வைத்து மெட்டை விரலால் எண்ணிக்கொண்டு வந்தாள். நான் எட்டி நாற்பத்தொன்றாம் பாட்டைப் படித்தேன். அதன் மேல் சின்ன எழுத்தில், "பிள்ளையை விடுதிக்கு அனுப்புகையில்" என்று இருந்தது. மிஷன் பள்ளிக்கூடங்களில் தங்கிப் படிக்கப் பெண்பிள்ளைகளை அனுப்பிய காலம்.

"சென்று வா பிள்ளாய் படலை கடந்து – நீ
செல்லும் இடமெங்கும் தேவன்முன் நடந்து..."

இரண்டு முறை படித்தேன். கடந்து, நடந்து. வந்து, துறந்து. இரண்டிலும் படலை. மீளக்கூடிய வேதிவினைக்கு நாங்கள் கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போடுவோம். அங்கிருந்து இங்கே ஒன்று, இங்கிருந்து அங்கே ஒன்று.

"எஸ்தர், இது அச்சுப் பிழை இல்ல" என்றேன். "ஒண்ணு கேள்வி, இன்னொண்ணு பதில். அம்மா அப்பா நாப்பத்தொண்ணப் பாடுவாங்க. புள்ள எண்பத்தேழப் பாடும். ரெண்டும் ஒரே பாட்டு. எண்பத்தேழு சாவுக்கு எழுதினதே இல்ல. படிக்கப் போற புள்ள சொல்லுது."

அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரத்தில் வைத்து மறுபடியும் இரண்டையும் படித்தாள். "ஏழு வாரம்மா! ஏழு வாரமா இது என் கண்ணுல படல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு நாமளே பாடுவோம். நீங்க நாப்பத்தொண்ணு. நான் எண்பத்தேழு" என்றாள்.

கண்டுபிடித்தது நான்தான். ஆனாலும் காலையில் கேட்டது பெட்டியோடு போன மெட்டு. "வேண்டாம். அந்தப் பாட்டு உன் வாயில வரக்கூடாது. திங்கக்கிழம நாம ஊருக்குப் போறோம்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடாதது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரையைச் சுருட்டியிருந்தார்கள். சபை நிறைந்திருந்தது. எங்களோடு ஈஸ்வரி அன்ரியும் வந்து பின்வரிசையில் நெற்றித் திருநீற்றோடு உட்கார்ந்தார். ஆறு பாட்டுகளும் தடுமாறித் தடுமாறி, ஆனால் சிரித்த முகங்களோடு நடந்தேறின. பிறகு போதகர் நாற்பத்தொன்றும் எண்பத்தேழும் ஒரே பாட்டு என்று எஸ்தர் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். "தெரிஞ்சவை துவங்கலாம்" என்றார்.

யாரும் தொடங்கவில்லை. கீபோர்டுக்காரர் விரலைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். றூபி அக்காவும் மற்ற மூவரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தரும் மடியைப் பார்த்தாள். அவளுக்கு மெட்டு முழுவதும் தெரியும் என்று எனக்குத் தெரியும். என் ஒரு சொல்லுக்காக அவள் வாய் மூடியிருந்தது.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவின் மௌனம் அது. அதே நீளம். பின்னாலிருந்து ஈஸ்வரி அன்ரி, "ஏன், ஒருத்தருக்கும் குரல் இல்லையோ?" என்று யாரையோ கேட்டார்.

நான் எழுந்தேன். சுருதி பார்க்கத் தெரியாமல் மிக உயரத்தில் பிடித்துவிட்டேன். "சென்று வா பிள்ளாய்" என்பதிலேயே குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் றூபி அக்காவின் பக்கமிருந்து ஒரு முனகல் வந்து என் குரலுக்கு அடியில் கை கொடுத்தது. நான்கு கண்ணிகள். நாலாவது முடிந்தபோது மெட்டு அதே உயரத்தில், இறங்காமல், காத்துக்கொண்டு நின்றது.

எஸ்தர் என்னைத்தான் பார்த்தாள். கேட்டாள் என்று சொல்ல வேண்டும், வாய் திறக்காமல். நான் புத்தகத்தை எண்பத்தேழுக்குத் திருப்பி அவள் கையில் கொடுத்தேன்.

"நின்றழ வேண்டாம்" என்று என் மகள் பாடினாள். படலையில் நிற்பவளைப் பார்த்துப் போகிறவள் பாடுவதுபோலவே பாடினாள். இரண்டாவது கண்ணியில் நான்கு பெண்களும் சேர்ந்தார்கள். அதன்பின் முதியவர்கள். சின்ன வயதிலிருந்து செத்தவீட்டு வேலிகளுக்கு வெளியே நின்று கேட்டே எல்லோருக்கும் அது பாடமாகியிருந்தது போலும். தடித்த சுவர்கள் குரலை வெளியே விடாமல் எங்கள்மேலேயே திருப்பி ஊற்றின. மேலே பார்த்தேன். எத்தனை அம்மாக்கள் இதைப் பாடிவிட்டு ஒரு பெட்டியும் பாயுமாகப் பிள்ளையை மாட்டுவண்டியில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியாவது பயப்படாமல் பாடியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியே மாமர நிழலில் றூபி அக்கா என்னிடம் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "ஆர் துவங்கினது எண்டு மேலை கேட்டால், இந்தியாக்காரிதான் எண்டு சொல்லிப்போடுவன்" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "நாளைக்கு எத்தினை மணிக்குப் பயணம் உங்களுக்கு?"

"பதினொரு மணிக்கு" என்றேன். "நான் மட்டும்தான் போறேன்."

சொன்னபிறகுதான் நானே அதைக் கேட்டேன். சற்றுத் தள்ளி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த எஸ்தர் நிமிர்ந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்தேன். அவள் நேராக வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பதிவுக் கருவியை அதன்மேல் வைத்தாள்.

"மூணாவது கண்ணியில ஒரு இடம் தப்பாப் பாடிட்டீங்கம்மா" என்றாள். குரல் மட்டும் சரியாக இல்லை. "அத மட்டும் இன்னொரு தடவ பாடுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.